நாலாவது ஈடு

விடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே அந்த நிலவறையில் மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டிவிட்டது. மேல்மாடிகளில் நோயாளிகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற நேரம். கீழே, சன்னலே இல்லாத அறையில், ஆளுயர ஆட்டோகிளேவ் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் நின்றது. அது மூச்சை விட்டு இரண்டு வருடம் ஆகிறது.

முந்தின நாள் ரத்தம் பட்ட கத்தரிகளையும் இடுக்கிகளையும் தேய்த்துக் கழுவி, எண்ணி, பச்சைத் துணியில் மூட்டை கட்டி, அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் அடுக்கி நீராவியில் வேகவைக்க வேண்டும். ஒரு தடவை அடுக்கி வேகவைத்து எடுப்பதற்கு அங்கே ஒரு ஈடு என்று பெயர். எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரில் முதல் கத்தி வைப்பதற்குள் நாலு ஈடு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் தியேட்டர் போன் அடிக்கும். அந்தப் போன் அடிக்கிற அடியில் செத்தவன்கூட எழுந்து மூட்டை கட்டுவான்.

பெரியக்கா நிரந்தர ஊழியர். அந்த நிலவறைக்கு வந்து இருபத்தொன்பது வருடம், ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். இரண்டாமவர் சின்னாஸ்பத்திரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சிறிய அரசு ஆஸ்பத்திரியை இழுத்து மூடியபோது இங்கே அனுப்பப்பட்ட மனிதர். ஆள் வந்துவிட்டார், சம்பளமும் பெயரும் மட்டும் பழைய ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே நின்றுவிட்டன. மூன்றாமவள் விசில். கான்ட்ராக்ட் கம்பெனி அனுப்பிய பெண். வேலை செய்யும்போது விசிலடிப்பாள், அதனால் அந்தப் பெயர். பெரியக்கா வாங்குவதில் பாதி சின்னாஸ்பத்திரிக்கு. அதிலும் பாதி விசிலுக்கு. கத்தரியின் முனை குத்தினால் மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில்தான் ரத்தம் வந்தது.

"மாமியார் இன்னிக்கு ரொம்ப முனகுறாங்க அக்கா" என்றாள் விசில். இயந்திரத்துக்கு அவள் வைத்த பெயர் மாமியார்.

"முனகினாப் பரவாயில்ல. பேசாம இருந்தாத்தான் பயப்படணும்" என்றாள் பெரியக்கா.

"எங்க ஆஸ்பத்திரியில இருந்தது இத்துனூண்டு மிஷின். அடங்கின மருமக மாதிரி இருக்கும்" என்றார் சின்னாஸ்பத்திரி, துணியின் நாலு மூலையையும் இழுத்து முடிந்துகொண்டே.

"அதான் மூடிட்டாங்க" என்றாள் விசில்.

மூவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே பெரியக்கா பதிவேட்டைத் திறந்து, அன்றைக்கு இறங்கப்போகும் நாலு ஈட்டுக்கும் நாலு வரி போட்டு, நாலு கையெழுத்தையும் போட்டு வைத்தாள். முதல் ஈடே இன்னும் வேகவில்லை. ஆனாலும் அதுதான் அங்கே வழக்கம். நிரந்தர ஊழியர்தான் இயந்திரத்தை இயக்க வேண்டும், கையெழுத்திட வேண்டும் என்பது ஒரு விதி. வெந்த மூட்டைகளைத் தியேட்டரில் கொண்டுபோய் ஒப்படைப்பதும் நிரந்தர ஊழியர்தான் என்பது இன்னொரு விதி. இரண்டு விதிக்கும் சேர்த்து ஆஸ்பத்திரி வைத்திருந்தது ஒரே ஒரு பெரியக்காவை. ஏழு மணிக்கு அவள் தள்ளுவண்டியோடு மேலே போனால் எட்டுக்குத்தான் திரும்புவாள். நாலாவது ஈட்டைத் திறப்பது எப்போதும் விசில்தான். பதிவேட்டில் மட்டும் அது எப்போதும் பெரியக்கா.

அழுத்தம் காட்டும் முள் சில நாள் ஒட்டிக்கொள்ளும். விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினால் சுழிக்கு இறங்கும், பிறகு கதவின் சக்கரத்தைத் திருப்பலாம். உள்ளே நீராவி இருக்கும்போது கதவு திறக்காமல் தடுக்க ஒரு கொக்கி உண்டு. அது உடைந்து மூன்று வருடம். மூன்று கடிதம் எழுதியாகிவிட்டது, மெக்கானிக் வந்தபாடில்லை.

அன்றைக்குப் பெரியக்கா தியேட்டர் வாசலில் மூட்டைகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த சிஸ்டர், "எலும்பு செட் எங்க? டாக்டர் கை கழுவிட்டாரு" என்று கத்தி, கீழே போன் போட்டாள். அடுத்த இரண்டு நிமிடத்தில் தரைக்கடியிலிருந்து ஒரு சீறல் கேட்டது. அதற்குப் பின்னால் ஓர் அலறல். இருபத்தொன்பது வருடத்தில் பெரியக்கா படிக்கட்டில் அப்படி ஓடியதில்லை.

அறை முழுக்க வெள்ளை. சின்னாஸ்பத்திரி கண்ணை மூடிக்கொண்டு கைகளால் துழாவி விசிலை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். முள் சுழியில்தான் நின்றது, ஆனால் உள்ளே நீராவி முழுசாக இருந்திருக்கிறது. தட்டினாள், இறங்கியது, நம்பித் திறந்தாள். வலது கை முழங்கைக்கு மேல்வரை, கழுத்து, தாடையின் ஒரு பக்கம் எல்லாம் வெந்துபோயிருந்தது.

"அக்கா, ரெண்டு தடவ தட்டினேன் அக்கா" என்றாள் விசில். அந்த நிலையிலும் அவளுக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அவசரப் பிரிவில் டாக்டர் சீட்டை எழுத ஆரம்பித்தார். "எங்க நடந்துச்சு?"

பெரியக்கா வாயைத் திறப்பதற்குள் கம்பெனி சூப்பர்வைசர் எங்கிருந்தோ முளைத்துவிட்டான். "வீட்டுல சார். அடுப்புல கொதிக்கிற தண்ணி."

"என்னப்பா சொல்ற?" என்றாள் பெரியக்கா.

அவன் குரலைத் தாழ்த்தினான். "மிஷின் ரிஜிஸ்டர்ல யார் கையெழுத்துக்கா இருக்கு?"

டாக்டர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். பெரியக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று நான்கு விநாடிகளுக்காக அன்று முழுவதும் அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் 'வீட்டில்' என்று எழுதிவிட்டார்.

மதியம் நிர்வாக அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்கம்மா" என்றார். அந்த அறையில் அவளை யாரும் இதுவரை உட்காரச் சொன்னதில்லை. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது, விஷயம் பெரிது என்று.

பதிவேடு மேசையில் திறந்து கிடந்தது. "இது உங்க கையெழுத்துதானே? நாலாவது லோடு, ஏழு முப்பத்தஞ்சு."

"ஆமா சார். ஆனா அப்ப நான் தியேட்டர்ல இருந்தேன். காலையிலயே போட்டு வெச்சுடறது வழக்கம்."

"அது என் காதுல விழலை. நீங்களும் சொல்லலை. முன்கூட்டியே கையெழுத்துப் போடறதுக்கு ஆபீஸ்ல வேற பேரு உண்டும்மா. பொய்ப் பதிவு. முதல்ல சஸ்பென்ஷன், அப்புறம் விசாரணை. அது முடியற வரைக்கும் பென்ஷன் நகராது. குடும்ப மருத்துவ அட்டையும் நின்னுடும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டுக்காரருக்கு இங்கதானே டயாலிசிஸ்? வாரத்துல மூணு நாள், இல்ல?"

"ஒரே ஆள் ரெண்டு இடத்துல எப்படி சார் இருக்க முடியும்? விதி போட்டவங்க யோசிச்சிருக்க வேண்டாமா?"

"அதனாலதான் சொல்றேன், நீங்க ஒரே இடத்துல இருந்தீங்க. மிஷின்கிட்ட. கம்பெனி நோட்டுல அந்தப் பொண்ணு இன்னிக்கு லீவு. யாருக்கும் பிரச்சினை இல்ல."

"அவளுக்கு?"

"கம்பெனி ஏதாவது பார்த்துச் செய்யும்."

"செய்யற கம்பெனியா சார் அது? கையுறைக்கே காசு பிடிக்கறான்."

அவர் ஒரு தாளை நகர்த்தினார். தட்டச்சு அடித்துத் தயாராக இருந்தது. நான்கு ஈடுகளையும் நானே இயக்கினேன், ஒப்பந்தப் பணியாளர் எவரும் அறையில் இல்லை என்று இரண்டு வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள. அவசரமில்ல" என்றார்.

நிலவறையில் சின்னாஸ்பத்திரி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் பேசியிருந்தார்கள். "நான் எதையும் பாக்கலையாம். பாத்தேன்னா என்னை என் பழைய ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"அதுதான் மூடிக் கிடக்கே?"

"அதான் நானும் கேட்டேன். பூட்டுக்குக் காவலுக்கு விடுவாங்களோ என்னவோ." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "மூணு லெட்டருக்கு வராத மெக்கானிக் ஒரு மணி நேரத்துல வந்துட்டான் அக்கா. கொக்கி புதுசு, முள் புதுசு. பழசைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டான்."

பளபளவென்றிருந்த புது முள்ளைப் பார்த்தபோது பெரியக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்ணின் தோலை உரித்துக் கொடுத்தால்தான் ஒரு கொக்கி வரும் போலிருக்கிறது.

அன்று கணவரின் டயாலிசிஸ் நாள். முன்பு லாரி ஓட்டியவர். இப்போது அந்த நாற்காலிதான் அவருக்கு வண்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த முறைவரைக்கும் ஓடும். பொது வரிசையில் எட்டு மாதம் காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். ஊழியர் குடும்ப அட்டை இருந்ததால்தான் அவருக்கு அந்த நாற்காலி.

எல்லாவற்றையும் அவள் சொன்னாள். அவர் குழாயில் ஓடுகிற தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்தைப் போட்டுடு" என்றார்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க?"

"வேற எப்படிச் சொல்லச் சொல்ற? எனக்குச் சாவுன்னா பயம். இருக்கறதைத்தானே சொல்ல முடியும்." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இருபது டன் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியவர், இப்போது ஒரு நாற்காலிக்காக அழுகிறார். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. போட்டுவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் அவளும் நினைத்தாள்.

ரத்த அழுத்தம் பார்க்க இளம் நர்ஸ் வந்தாள். ஊசி குத்தியது, குழாய் மாட்டியது எல்லாம் அவள்தான். நாற்காலியின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் நேரத்துக்கு நேரம் அளவுகளை எழுதினாள். பெரியக்கா சும்மா இருக்காமல் அட்டையை எட்டிப் பார்த்தாள். அளவு எழுதாத கட்டங்கள் இன்னும் மூன்று இருந்தன. மூன்றிலும் கையெழுத்து மட்டும் முன்பே விழுந்திருந்தது.

"இது யார் கையெழுத்தும்மா?"

"பெரிய சிஸ்டரோடது. நான் கான்ட்ராக்ட் இல்லையா, நான் போடக் கூடாது. அவங்க ஒருத்தங்க, மூணு ரூமைப் பாக்கணும். காலையிலயே போட்டு வெச்சுடுவாங்க." சாதாரணமாகச் சொன்னாள். "நாலு வருஷமா குத்தறேன் அக்கா. நான் குத்தின ஊசி ஒண்ணுகூட என் பேர்ல இல்ல."

"ஏதாவது ஒண்ணு கோளாறாயிடுச்சுன்னா?"

நர்ஸ் காற்றுப்பையை அமுக்குவதை நிறுத்தினாள். விசிலின் கதை அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியிருந்தது. "அன்னிக்கு நான் வீட்டுல இருந்திருப்பேன்" என்றாள்.

பெரியக்கா ஆடிப்போனாள். இத்தனை வருடம் தன் நிலவறையில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னத் திருட்டுத்தனம், வேறு வழியில்லாமல் செய்கிறோம், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று ஒளித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொருத்தியும் அதையே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அங்கிருந்து நேரே தீக்காய வார்டுக்குப் போனாள். விசிலின் கழுத்தும் தாடையும் கட்டுக்குள் இருந்தன. உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இனி எப்போது விசிலடிப்பாளோ.

"என் பொண்ணு வந்தா அக்கா" என்றாள், வார்த்தையை மென்று மென்று. "ஆறு வயசு. சீட்டுல வீடுன்னு போட்டிருக்கறதை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டா. அம்மா, நம்ம வீட்டுல அவ்ளோ பெரிய அடுப்பு எங்கம்மா இருக்குன்னு கேக்கறா."

"நான் அந்த டாக்டர்கிட்ட வாயைத் தொறக்கலை. என்னை மன்னிச்சுடு" என்றாள் பெரியக்கா.

"உங்க நிலைமை எனக்குத் தெரியாதா. பணம் வருதோ இல்லையோ. நான் வேலைக்கு வந்தேன்னு யாராவது ஒருத்தர் எழுதினாப் போதும் அக்கா. நாலு மணிக்கு எழுந்து வந்தேன்."

பெரியக்கா அவளுடைய நல்ல கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். பிறகு எழுந்து டயாலிசிஸ் பிரிவுக்கே திரும்பிப் போய், பெரிய சிஸ்டரைப் பிடித்தாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"நாளைக்கு என் ரிஜிஸ்டர்ல உள்ளதை உள்ளபடி எழுதப் போறேன் சிஸ்டர். நான் ஒருத்தி எழுதினா நான் குற்றவாளி. எல்லாரும் எழுதினா யார் குற்றவாளின்னு அவங்கதான் யோசிக்கணும்."

சிஸ்டருக்கு முகம் வெளுத்தது. "எனக்கு ரெண்டு பசங்க படிக்கறாங்க. என்னை இதுல இழுக்காதீங்க."

"இழுக்கலை. சொல்லிட்டுப் போறேன். அவ்வளவுதான்."

அதையே ரத்தப் பரிசோதனை அறையில் சொன்னாள். சலவைக் கூடத்தில் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள், சிலர் வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். பிரசவ வார்டில் ஒருத்தி, "சும்மா போற ஓணானை ஏன் மடியில கட்டிக்கறீங்க?" என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் விடியலில் நிலவறை அதே வெக்கையோடு இருந்தது. விசில் நிற்கிற இடம் காலி. முதல் ஈட்டை அடுக்கிக் கதவைச் சாத்தியதும் பெரியக்கா பதிவேட்டைத் திறந்தாள். நேற்று அது அதிகாரியின் மேசையில் கிடந்தது, ஆனால் இன்றைக்கும் ஈடு இறங்க வேண்டும் என்பதால் கீழேயே திரும்பி வந்திருந்தது. நேற்றைய நாலாவது வரியில் தன் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்.

'இந்த ஈட்டை இயக்கியது நான் அல்ல. நான் தியேட்டரில் இருந்தேன். இயக்கியவர் ஒப்பந்தப் பணியாளர்.' விசிலின் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதினாள். 'பாதுகாப்புக் கொக்கி மூன்று வருடமாக உடைந்திருந்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.'

பேனாவை மூடப் போனபோது சின்னாஸ்பத்திரி கையை நீட்டினார். "கொடுங்க. பாத்தவன்னு ஒருத்தன் வேணும் இல்ல?" தன் பெயரை எழுதினார். இந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் அவர் பெயர் விழுவது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு ஊதி உலர்த்தினார்.

அன்றைக்கு முன்கையெழுத்து இல்லை. ஒவ்வோர் ஈடும் இறங்கிய பிறகு, இறக்கியவர் பெயர் விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே படுத்திருப்பவன் என்ன பாவம் செய்தான்? அதனால் மூட்டைகளை நிறுத்தவில்லை. தாமதமாகத்தான் போயின. தியேட்டர் போன் அடித்தபோது பெரியக்கா நிதானமாக எடுத்தாள். "ரெண்டு பேர் வேலை செய்யறோம் சிஸ்டர். மூணாவது ஆள் உங்க மேல்மாடியிலதான் கட்டுப் போட்டுப் படுத்திருக்கா. முள் இறங்கினதும் வரும்."

ஒன்பதரைக்குப் பதிவேட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு தீக்காய வார்டுக்கு ஏறினாள். நாலாவது வரியை விசிலுக்குக் காட்டினாள். விசில் தன் பெயரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, பழக்கமில்லாத இடது கையால், தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். கோணல்மாணலாக, கட்டத்துக்கு வெளியே வழிந்து, பக்கத்திலிருந்த பெரியக்காவின் கையெழுத்து மேலேயே ஏறிவிட்டது.

"கெடுத்துட்டேனா அக்கா?"

"இல்ல கண்ணு. இப்பத்தான் சரியாயிருக்கு."

நிர்வாக அலுவலகத்துக்குப் போகும் நடையில் அவளும் சின்னாஸ்பத்திரியும் மட்டும்தான் இருந்தார்கள். ஐந்து நிமிடம் நின்றார்கள். யாரும் வரவில்லை. போகட்டும், இரண்டு பேராவது இருக்கிறோம் என்று கதவைத் தொடப்போனபோது பின்னால் ரப்பர்ச் செருப்புச் சத்தம் கேட்டது. பரிசோதனை அறைக்காரர் ஒரு பெரிய நோட்டோடு வந்தார். சலவைக் கூடத்துப் பெண்கள் மூன்று பேர், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே பதிவேட்டைச் சேர்ந்து பிடித்தபடி வந்தார்கள். இளம் நர்ஸ் வந்தாள். அவளுக்குப் பின்னால், கடைசியாக, மார்போடு அணைத்த அட்டைக் கட்டோடு பெரிய சிஸ்டர்.

"ராத்திரி தூக்கமே வரலை. அவ குத்தின ஊசிக்கெல்லாம் அவ பேரைப் போட்டுட்டேன். நாலு வருஷத்தையும் எழுத முடியலை. இந்த மாசத்தை மட்டும் எழுதியிருக்கேன்" என்றார் சிஸ்டர், யாரையும் பார்க்காமல்.

பிரசவ வார்டிலிருந்து யாரும் வரவில்லை.

அதிகாரி மேசையில் பதிவேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. தட்டச்சு அடித்த தாள் அதற்கடியில் போய்விட்டது. அவர் ஒன்றைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர்.

"என்ன இது? அரசாங்கப் பதிவேட்டைத் திருத்தியிருக்கீங்க. அத்தனை பேரையும் சஸ்பெண்ட் பண்ண முடியும், தெரியுமா?"

"பண்ணுங்க சார்" என்றாள் பெரியக்கா. "ஆனா யார் யார் என்ன வேலை பாத்தாங்கன்னு இப்ப எழுத்துல இருக்கு. ஒரே வேலைக்கு எத்தனை சம்பளம்னு அதைப் பாத்து யார் வேணாலும் கேக்கலாம். முதல்ல அந்தப் பொண்ணோட சீட்டுல வீடுங்கறதை அடிச்சுட்டு ஆஸ்பத்திரின்னு எழுதச் சொல்லுங்க."

"எல்லாரும் வெளிய நில்லுங்க. ஒவ்வொருத்தரா வாங்க, பேசலாம்."

யாரும் நகரவில்லை. சலவைக் கூடத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்ற நர்ஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொருத்தரா வந்துதான் சார் இத்தனை வருஷமும் போச்சு" என்றாள் பெரியக்கா.

அவர் போனை எடுத்தார். யாருக்கு என்று தெரியவில்லை. மறுநாள் டயாலிசிஸ் நாற்காலி கணவருக்கு இருக்குமா என்பதும் தெரியாது. அவரிடம் போய் என்ன சொல்வது என்று பெரியக்கா யோசித்தாள். பெரிய சிஸ்டர் அருகில் நகர்ந்து வந்து அவள் காதில் மட்டும் கேட்கும்படி சொன்னார். "நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. அட்டையை நிறுத்தினா நாங்க அத்தனை பேரும் அந்த நாற்காலியைச் சுத்தி நிப்போம். எங்களைத் தாண்டித்தான் அவரை எழுப்பணும்."

அதிகாரி போனில் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று எட்டுப் பேரும் நின்றார்கள். மேசையில் எல்லாவற்றுக்கும் மேலே நிலவறைப் பதிவேடு திறந்தே கிடந்தது, இடது கைக் கையெழுத்தின் மை இன்னும் சரியாகக் காயவில்லை.